தெளிய வைத்த தண்ணீர்

போன மாதம் எங்கள் அடுக்ககத்துக்குக் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பதற்காக ஒரு பெண் வந்தாள். பை நிறையச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்கள். வீட்டுக்கு ஒன்றைக் கொடுத்து, தண்ணீர் பிடித்துத் தரச் சொன்னாள். நான் சமையலறைக் குழாயைத் திறந்தேன். துரு நிறத்தில் வந்த முதல் தண்ணீரைக் கொட்டினேன். பாட்டிலை நன்றாக அலசினேன். தெளிவாக வர ஆரம்பித்த பிறகு பிடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். முதலில் வருகிற தண்ணீர்தான் சோதனைக்கு வேண்டுமாம். எந்த வீட்டிலும் அதைத் தர மாட்டேன் என்கிறார்களாம். அவளுக்கு அது தினசரி வேடிக்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போன பிறகும் நெடுநேரம் குழாயடியிலேயே நின்றேன். அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

நம் வயதுக்காரர்களிடம் இதைச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தேத்தாங்கொட்டை என்றால் உங்களுக்குத் தெரியும். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து கலங்கிக் கிடக்கிற நாட்களில், மண்பானையின் உள்பக்கத்தில் அந்தக் கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்போம். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். என் பேத்தியிடம் சொன்னேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, படத்தை எனக்கே காட்டினாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, தீபாவளி முடிந்த கையோடு அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் அத்தை வீட்டில் விட்டார். அத்தை அப்பாவுடன் பிறந்தவள். தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அத்தை வீடு ஆற்றங்கரையின் அடியில் இருந்தது. காவிரியிலிருந்து பிரிகிற ஆறுகளில் ஒன்று. பெயரைச் சொன்னால் எந்த ஊர், யார் வீடு என்று உங்களில் யாராவது கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் வேண்டாம். நம் பக்கத்து ஆறுகள் மேட்டில் ஓடுகின்றன என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அத்தை வீட்டில் வந்து பார்த்தால் நம்பியிருப்பார்கள். கொல்லையில் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டியே கரை. கரைமேல் ஏறி நின்றால் வீட்டின் ஓடு காலுக்குக் கீழே தெரியும். ஆறு நிறைந்து போகும்போது தண்ணீர் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் சம்பா வயல், வயலைத் தாண்டி வடிகால். ஊருக்குள் போவதென்றால் கரைமேலேயே நடந்துதான் போக வேண்டும்.

அடைமழை. வயல் முழுகியது. வடிகால் தண்ணீர் வடிவதற்குப் பதிலாக எதிர்த்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றது. பின்னால் ஆறு, முன்னால் ஏரி மாதிரி வயல், நடுவில் நாங்கள். கரையோ சேறாகி, வைத்த கால் வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கியது. துணி காயவே இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டதில் என் பாவாடைகள் எல்லாம் புகை நாறின. சுவரில் மரவட்டைகள் வரிசையாக ஏறின. பத்தாயத்து நெல் புழுங்கி வீடு முழுக்கப் புளித்த வாடை. கொட்டகையில் தண்ணீர் நின்றதால் பசுவைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் கட்டியிருந்தார்கள். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் வேறு வேலை கிடையாது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுது பார்த்தேன். அழுதும் பஸ் வராது என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் மாமாவின் அப்பா படுத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். அவர் சொல்வது அத்தைக்கு மட்டும் விளங்கும். அவருக்கு வாயில் ஊட்டுவது, துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அத்தைதான். புரட்டும்போது வலிக்கும் என்பதால் முதலில் அவர் காதருகே போய்ச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். அந்த வீட்டில் மெதுவாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

கொட்டகைக்குப் பின்னால் கரையடியில் ஓர் இடம் ஊறிக்கொண்டிருந்தது. மாமா அங்கே உடைந்த நாட்டு ஓடு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும், சில சமயம் நூலாக ஒழுகும். மழைக்கு முன்பே கரையைப் பார்க்க வந்த அதிகாரி, மாமாவுக்கு இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சீப்பேஜ், லீக்கேஜ். கரை என்பது மண்தான், அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர் நிற்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் அது சீப்பேஜ். பயமில்லை, ஒரு கண் வைத்திருந்தால் போதும். கரைக்குள்ளே நண்டு வளையோ எலிப் பொந்தோ வழிவிட்டு, தண்ணீர் கரை மண்ணையே அரித்துக்கொண்டு கலங்கலாக வந்தால் அது லீக்கேஜ். அப்போது ஒரு நிமிஷம் நிற்காமல் கிளம்பிவிட வேண்டும். மாமா இதைத் தினமும் ஒரு தடவையாவது யாரிடமாவது விளக்குவார். ஆள் அகப்படாத நாட்களில் என்னிடம் விளக்குவார்.

பள்ளிக்கூடத்தில் நான் அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துகளை வரிசையாகச் சொல்லப் பழகியிருந்தேன். அதனால் இந்த இரண்டு வார்த்தைகளும் எனக்குப் பெரிய சொத்து. வீடு முழுக்கப் பெயர் சூட்டிக்கொண்டு திரிந்தேன். கூடத்துச் சுவர் ஈரம் சீப்பேஜ். சமையலறை ஓட்டிலிருந்து பாத்திரத்தில் விழுவது லீக்கேஜ். பெரியவர் வாயோரம் வழிந்ததற்கும் ஏதோ சொன்னேன். அதற்கு அத்தை என் தலையில் குட்டினாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

அத்தைக்குக் கிளம்பிவிட வேண்டும். அவள் நினைப்பெல்லாம் பெரியவரைப் பற்றித்தான். நாம் ஓடிவிடலாம், அவரால் ஓட முடியாது, நேரம் இருக்கும்போதே ஊருக்குள் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போய்விட வேண்டும். சோறு போடும்போதெல்லாம் மாமாவிடம் கேட்பாள். மாமா காது கொடுக்கவில்லை. ஒரு வருஷம் யாரோ கரை போகிறது என்று கத்த, நான்கு பேர் கட்டிலோடு பெரியவரைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார்களாம். வழியெல்லாம் அவர் வலியில் அலறினாராம். கடைசியில் கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆபீசர் வந்து பாத்து, லீக்கேஜ்னு அவர் வாயால சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

அதனால் வீடே அதிகாரிக்காகக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். லீக்கேஜ் என்று சொல்லிவிட வேண்டும் என்று பசுவிடம் வேண்டிக்கொண்டேன். எப்படியாவது அந்த வீட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது.

ஒரு நாள் காலை மழை கொஞ்சம் விட்டது. அதிகாரி வந்தார். மாமா மண் மூட்டை கட்டச் சாக்கு வாங்க ஊருக்குள் போயிருந்தார். நான் ஜீப்பையும் தொப்பியையும் எதிர்பார்த்தேன். வந்தவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, கிழிந்த குடையோடு, நொண்டிக்கொண்டு வந்தார். காலில் கருவேல முள் ஏறிச் சீழ் பிடித்து, துணி சுற்றியிருந்தார். தூங்காத கண்கள். அவர் பொறுப்பில் எத்தனையோ மைல் கரை, அதில் எத்தனை இடம் ஊறியதோ. கரைமேல் இருந்தபடியே குனிந்து பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் மழைத்தண்ணீரும் சாணியும் சேறுமாக நின்றதில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலோடு சேற்றில் இறங்கவும் முடியவில்லை. அத்தையிடம், ஓட்டு நுனியில் விழுகிற தண்ணீரை மட்டும் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். கலங்கலா தெளிவா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு முன்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அத்தைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நான் அடுப்படியில் உட்கார்ந்து உப்புமாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை பித்தளைச் செம்போடு கொல்லைக்குப் போய்த் திரும்பி வந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். காவி கரைத்த மாதிரி இருந்தது.

"இதையா கொண்டுபோய்க் கொடுக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவள் செய்ததை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். சின்ன மண்கலயம் ஒன்றை எடுத்தாள். மாடத்திலிருந்து தேத்தாங்கொட்டையை எடுத்து உள்ளே உரசினாள். செம்புத் தண்ணீரை அதில் ஊற்றி மூடி வைத்தாள். உப்புமா கிளறினாள். இலை போட்டுப் பரிமாறினாள். கேட்டுக் கேட்டு இரண்டாம் தடவை வைத்தாள். காப்பி கொடுத்தாள். அவர் கை கழுவி வந்த பிறகு, கலயத்தை அசக்காமல் சாய்த்து, மேலே தெளிந்திருந்ததை மட்டும் தன் கல்யாணச் சீரில் வந்த வெள்ளி டம்ளரில் ஊற்றினாள். டம்ளரின் வெளிப்பக்கத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நடந்தாள்.

அவளுக்கு வித்தியாசம் தெரியாதா என்று கேட்பீர்கள். மாமா தினமும் ஓதியதுதானே, தெரியும். தான் பிடித்த அவசரத்தில் மேலே வழிந்த மழைச்சேறு சேர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அல்லது ஒன்றுமே நினைத்திருக்க மாட்டாள். வீட்டுக்கு வந்த மனுஷன் கையில் கலங்கல் தண்ணீரைக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. நான் பாட்டிலை அலசிக்கொண்டு நின்றேனே, அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன்? அதனால் என் அத்தையை யாரும் முட்டாள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அதிகாரி டம்ளரை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலை விட்டு அடியில் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"சீப்பேஜ்தாம்மா. பயப்படாதீங்க. பெரியவரை இந்த மழையில அசைக்க வேணாம்."

எத்தனையோ நாளாக அத்தை எதிர்பார்த்தது மற்ற வார்த்தையைத்தான்.

"லீக்கேஜ் இல்லீங்களா?" என்றாள்.

"தண்ணி பளிச்சுனு இருக்கேம்மா. நீங்களே பாருங்க" என்று டம்ளரை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. தெளிய வைத்துக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு பெரிய மனுஷனிடம், அதுவும் புருஷன் இல்லாத நேரத்தில் வந்திருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அதைத் தீர்மானிப்பதற்குள் அவர் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அடுத்த ஊரில் ஒரு மதகுப் பக்கம் ஆபத்தாக இருக்கிறதென்று அவருக்கு அவசரம். மாமா திரும்பி வந்து செய்தியைக் கேட்டதும், நான் அப்பவே சொன்னேன் பார் என்று பூரித்துப்போனார். வாங்கிவந்த சாக்குகளை அந்த மதகுக்கே அனுப்பிவைத்தார். அத்தை அன்று சாப்பிடவில்லை. மாமாவிடம் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். ஆபீசரே சொல்லிவிட்டார், இன்னும் என்ன பயம் என்று அவர் அடக்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கரை போயிற்று. மாமா மதகடியில் மற்றவர்களோடு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அத்தை, பெரியவர், நான். பெரிய சத்தமெல்லாம் முதலில் இல்லை. கொட்டகைக் கால்கள் முறிகிற சத்தம் கேட்டது, பிறகு கொல்லைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அத்தை முதலில் தாழ்வாரத்துக்கு ஓடிப் பசுவை அவிழ்த்துவிட்டாள். என்னைத் தூக்கிப் பத்தாயத்தின் மேலே போட்டாள். அவள் உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பிறகு பெரியவரிடம் போனாள். தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கட்டில் மிதக்க ஆரம்பித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அவருடைய அக்குள்களில் கைகொடுத்து நிமிர்த்தி, பத்தாயத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். தண்ணீர் அவள் மார்பளவு ஏறி நின்றது. வயல்வெளியெல்லாம் பரவியதால் அதற்கு மேலே ஏறவில்லை. அது எங்களுக்கு அப்போது தெரியாது. இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று ஒவ்வொரு நிமிஷமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் துண்டை நான் மேலேயிருந்து பிடித்துக்கொண்டேன். என் பிடியால் ஒன்றும் ஆகாது, இருந்தாலும் விட மனசில்லை. பெரியவர் பேசியது அதுவரை எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கியதில்லை. அன்றைக்கு விளங்கியது. "விடு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"சும்மா இருங்க" என்றாள் அத்தை.

பொழுது சாய்கிற நேரத்தில் வாழைமரத் தெப்பத்தோடு மாமாவும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். அத்தையின் கைகளை அவர்கள்தான் விரித்துவிட வேண்டியிருந்தது. பெரியவருக்கு உயிர் இருந்தது. பள்ளிக்கூடத்து பெஞ்சில் கிடந்து, குளிர்க்காய்ச்சல் கண்டு, வெள்ளம் வடிவதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் ஊருக்குள் பங்காளி வீட்டில் நடந்தது. என்னைக் கூட்டிப்போக அப்பாவும் வந்திருந்தார். அந்த அதிகாரியும் நொண்டிக்கொண்டே வந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார். அவர் வேலைக்கே ஆபத்து என்று பேசிக்கொண்டார்கள். மாமா பந்தியை விட்டு எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். சீப்பேஜ் என்று சொல்லி என் அப்பாவைக் கொன்றுவிட்டாய் என்று கத்தினார். நான் பார்த்த தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது என்று மட்டும் அதிகாரி மெல்லச் சொன்னார்.

அத்தை சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். கையெல்லாம் வடைமாவு.

"அவர் மேல தப்பில்லீங்க. தண்ணி கலங்கலாத்தான் வந்துச்சு. நான்தான் தெளிய வச்சுக் கொடுத்தேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாவம், மாமனாரைப் பிடித்துக்கொண்டு நின்ற அதிர்ச்சி, என்னென்னவோ பேசுகிறாள் என்றார் ஒரு பெரியம்மா. மாமா அவளை உள்ளே போகச் சொன்னார். அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? கண் கலங்கி, அத்தையைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறாங்க, இப்பேர்ப்பட்ட மனசு யாருக்கு வரும்" என்றார். யாரைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னாளோ, அவரும் நம்பவில்லை. நான் நடுவில் புகுந்து, ஆமாம், தேத்தாங்கொட்டை உரசினாள், நான் பார்த்தேன் என்றேன். பெரியவர்கள் பேசும்போது என்ன பேச்சு என்று யாரோ என் கையில் ஒரு வடையைத் திணித்து வாசலுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அத்தைக்கு அந்த ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது. பெரியவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அந்தக் கதையை எடுப்பாள். மாமியார்கள் தங்கள் மருமகள்களுக்கு அத்தையைக் காட்டிக் குத்திப் பேசுவார்கள். மாமாவும் பெருமையோடு சொல்லுவார், கதை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது, தண்ணீர் மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. கதை ஆரம்பித்ததும் அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அடக்கம் என்று அதையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள். மாமாவிடம் அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். "நீ செஞ்ச புண்ணியத்தை நீயே ஏன் அழிக்கிற" என்று கடிந்துகொண்டாராம். அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். அந்த மழையில் நாங்கள் எல்லோரும் அடைபட்டிருந்தோம், தண்ணீர் வடிந்ததும் வெளியே வந்துவிட்டோம். அத்தை வரவில்லை. அவளைச் சுற்றி நின்றது பாராட்டு. அதைத் தாண்டி அவளால் எங்கேயும் போக முடியவில்லை.

மாமா போன பிறகும் அவள் பல வருஷம் இருந்தாள். கடைசியில் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த அவள் மகன் நர்ஸிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கரை உடைந்தபோது அவன் தாத்தாவைக் கழுத்தளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள் என்றான். அந்தப் பெண் வியந்து அத்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினாள். பேச்சு மெலிந்திருந்தது. குனிந்து கேட்டேன்.

"அன்னிக்கு நீ அடுப்படியிலதானே இருந்த?"

"ஆமாத்தை."

"செம்புல எப்படி இருந்துச்சு?"

"கலங்கலா இருந்துச்சு, அத்தை. காவி கரைச்ச மாதிரி. நீங்க தெளிய வச்சு, மேலாப்புல ஊத்திக் கொடுத்தீங்க."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. நான் துடைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் இன்னும் பலம் இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

நான் மறுபடியும் சொன்னேன்.